கீழ்த்தட்டில் வைத்த புத்தகம்

"நத்தைக் கதைகளை எழுதியவரின் புதிய புத்தகம். தயங்காமல் வாங்கலாம்."

எங்கள் கடை அலமாரியில் புத்தகத்துக்கு மேலே ஒட்டும் சிபாரிசு அட்டை ஒன்றில் இருந்த வாசகம் இது. பாதி அஞ்சலட்டை அளவு, பச்சை மை. வலது மூலையில் பென்சிலால் "ஜூலை, மூன்றாம் வாரம்" என்று குறித்தவன் நான். ஆண்டைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். ஆனால் சென்னை மெட்ரோ ரயில் வேலைக்காகக் கடைக்கு அருகே லஸ் பக்கம் தகரத் தடுப்பு வைத்துப் பாதையைத் திருப்பிவிட்டிருந்த சமயம் அது. கடைக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் வழியைத் திட்டிவிட்டுத்தான் புத்தகத்தைக் கேட்டார்கள்.

இந்த ஜூனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து குழந்தைகள் அலமாரியிலும் பதின்வயதினர் அலமாரியிலும் நிற்கப்போகிற உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பில் போடுவதையும் இருப்பு பார்ப்பதையும் கடையிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். நான் இந்த ஓர் அட்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அட்டையின் வாசகத்தை எழுதியவர் அன்றைய பகுதிப் பொறுப்பாளர். என்னைவிட வயதில் நன்றாகச் சிறியவர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த நான் நடுவயதுக்கு மேல் இந்தக் கடைக்கு வந்தபோது, குழந்தைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதை அவரிடம்தான் கற்றேன். எல்லோரும் அவரை மேடம் என்று அழைத்தோம். அவருடைய பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

புதிய புத்தகம் வந்தால் அவர் முழுவதும் படிக்காமல் அட்டை எழுத மாட்டார். படித்த குழந்தையிடம் "நன்றாக இருந்ததா?" என்று கேட்கக் கூடாது, நம்மைத் திருப்திப்படுத்த அது ஆமாம் என்று சொல்லிவிடும். முடிவு என்ன என்று எந்த வாசகருக்கும், எவ்வளவு சின்னவராக இருந்தாலும், சொல்லக் கூடாது. இவை அவருடைய விதிகள். இன்னொன்றும் உண்டு. பதின்வயதினருக்கான அட்டையில் வயதைப் போடக் கூடாது. இதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தி.நகர் கிளையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அரை மணி நேரம் நின்றபடியே படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை, அட்டையில் "12+" என்று பார்த்ததும் சூடு பட்டவன் மாதிரி வைத்துவிட்டுப் போனான். கூட வந்த நண்பன், "மச்சி, பாப்பா புக்குடா" என்று சொன்னதுதான் காரணம். அன்றிலிருந்து வயது போடுவதை மேடம் நிறுத்தினார்.

நத்தைக் கதைகள் ஏழு, எட்டு வயதுக்கானவை. பள்ளிக்குத் தினமும் தாமதமாக வரும் ஒரு நத்தையின் கதைகள். பல வருடங்களாக நன்றாக விற்றன. அவற்றை எழுதியவர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதிய புதிய புத்தகத்தில் நத்தை இல்லை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போய் வேறொரு குடும்பத்தோடு வாழ்கிறார். மேடம் அதைப் படித்துவிட்டு, அந்த வருடத்தில் வந்தவற்றில் இதுதான் சிறந்தது என்றார். நானும் படித்தேன். எனக்கும் அதே கருத்துதான். எழுதியவர் மீதோ புத்தகத்தின் மீதோ எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் கடையில் புத்தகங்கள் எழுத்தாளர் வரிசையில் இருந்தன. ஆகவே புதிய புத்தகம் நத்தைக்குப் பக்கத்தில், சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்தது. மேடம் அட்டையை எழுதியபோது அவர் மனதில் இருந்தவர்கள் முன்பு நத்தையைப் படித்த குழந்தைகள். அவர்களுக்கு இப்போது பதினான்கு வயது. ஆனால் கீழ்த்தட்டின் முன்னால் இன்று குந்தி உட்கார்ந்திருப்பவர்கள் வேறு குழந்தைகள். படித்தவர்கள் வளர்ந்து வெளியே போய்விடுகிறார்கள். அலமாரிக்கு எப்போதும் ஏழு வயதுதான். இந்த வேலையில் பல வருடம் இருப்பவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு இது. உங்களுக்கு இப்போதைக்கு நேராது. பத்து வருடம் கழித்து நேரும்.

அட்டை வைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்து சற்று நேரத்தில், பெரியவர் ஒருவர் அந்தப் புத்தகத்தோடு உள்ளே வந்தார். மயிலாப்பூர்க்காரர், பேத்திக்காக எங்களிடம் அடிக்கடி வாங்குபவர். வழியைத் திட்டவில்லை. அதிலிருந்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பில் மேசையில் இருந்த கன்னியப்பன் என்னிடம் மெதுவாக, "சார், மாமா செம சூடா கீறாரு. ஃபேன இந்தாண்ட திருப்பவா?" என்றார். கன்னியப்பன் நொச்சிக்குப்பத்துக்காரர். எவ்வளவு கூட்டத்திலும் அவருக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு கிடைத்துவிடும்.

பெரியவர் அட்டையை அலமாரியிலிருந்து பிய்த்து எடுத்தார்.

"யார் இதை எழுதினது?"

"நான்தான் சார்," என்றார் மேடம்.

"தயங்காமல் வாங்கலாமாம்! தயங்காம வாங்கினேன். ஒம்பது வயசுக் குழந்தை. நேத்து சாப்டுண்டிருக்கா. திடீர்னு அவ அம்மாவப் பாத்துக் கேக்கறா. 'சிங்கப்பூர்லேர்ந்து அப்பா ஏன் வீடியோல வரதே இல்ல? இந்தக் கதைல வர மாதிரி வேற ஆத்துக்குப் போய்ட்டாரா?'ங்கறா."

பிறகு பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிங்கப்பூருமில்ல ஒண்ணுமில்ல. அந்த மனுஷன் இதே ஊர்ல, ஆதம்பாக்கத்துல இருக்கான். வேற குடித்தனம். குழந்தை கொஞ்சம் பெரியவளானதும் பக்குவமா சொல்லலாம்னு ரெண்டு வருஷமா கட்டிக் காப்பாத்திண்டு வந்தோம். ஒரு புஸ்தகம் வந்து ஒடச்சுட்டுது."

"இப்ப அவளுக்குத் தெரியுமா சார்?"

"என் பொண்ணு சுதா ராத்திரியே சொல்லிட்டா. பிரிஞ்சுட்டோம்னு. ஆதம்பாக்கம்னு மட்டும் சொல்லல. குழந்தை அப்புறம் வாயே தெறக்கல. புஸ்தகத்த மட்டும் மார்ல வச்சுண்டு விட மாட்டேன்னா. நான்தான் தூங்கினப்புறம் எடுத்துண்டு வந்தேன்."

அப்போது தி.நகர்ப் பள்ளி ஒன்றின் நூலகர் எங்கள் கடையில் புத்தகம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கூடையில் அந்தப் புத்தகத்தின் மூன்று பிரதிகள் இருந்தன. சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தார். மேடம் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பெரியவர் கேட்டது ஒன்றுதான். இந்தப் புத்தகம் குழந்தைகளுக்கு ஆகாது என்று கடையின் பெயரில் எழுதித் தர வேண்டும்; அதைத் தனக்குத் தெரிந்த எல்லாப் பள்ளிகளுக்கும் காட்டுவார்.

மேடம் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினார். அதன் பின்பக்கத்தில் எழுதாமல் கையில் பிடித்துக்கொண்டே பேசினார். "தப்பு என்னோடது சார். இத கீழ வச்சதும் தப்பு, வயசு போடாததும் தப்பு. ஒம்பது வயசுக்கு இது இல்லன்னு இப்பவே எழுதித் தர்றேன். குழந்தைங்களுக்கே ஆகாதுன்னு எழுதித் தர மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார். பதினாலு வயசுல இதே மாதிரி ஒரு வீட்ல ஒரு பொண்ணு இருப்பா. அவளுக்கு இது வேணும்."

பெரியவர் எதையும் எழுதி வாங்காமல் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனார். நான் அவசரமாக வேறு இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போகப் பார்த்தேன். "வேண்டாம்," என்றார் மேடம். "இப்ப எத குடுத்தாலும் அது லஞ்சம்தான்."

அன்று மதியத்துக்குள் அந்தப் புத்தகத்தை மேல்தட்டுக்கு மாற்றினோம். மேடம் புதிய அட்டை எழுதினார். கதை எதைப் பற்றியது என்று ஒரு வரியில் வெளிப்படையாகச் சொன்னார். வயது பென்சிலில், அட்டையில் அல்ல, புத்தகத்தின் பின் உள்ளட்டையில். வாங்கித் தருகிற பெரியவர்கள் தேடினால் தெரியும். பையன்களின் நண்பர்கள் கண்ணில் படாது. இன்றுவரை நம் கடையில் அந்த வழக்கம்தான். நீங்கள் ஏன் என்று கேட்கக்கூடும் என்பதால் சொன்னேன்.

பெரியவர் விட்டுப்போன பிரதியில் ஒரு சாக்லேட் தாள் மடித்து அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. கதையில் அந்தப் பெண் தன் அப்பாவின் முகவரியைக் கண்டுபிடிக்கிற இடம். மூன்றில் ஒரு பங்கு மீதி இருந்தது. பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் பெட்டியில் கன்னியப்பன் அதைப் போட்டார். தாளை எடுக்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மாலை மூவராக வந்தார்கள். பெரியவர், அவருடைய மகள் சுதா, பேத்தி மாளவிகா. பெரியவர் வாசலுக்குப் பக்கத்தில் பொது அறிவுப் புத்தகங்களோடு நின்றுகொண்டார். சுதா மேடத்தைத் தேடி வந்தார். குழந்தை நேராகக் கீழ்த்தட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பில் மேசைக்கு வந்தது.

"அங்கிள், அந்த புக் எங்கே?"

"எந்த புக்கு பாப்பா? இங்க ஊர்ப்பட்ட புக்கு கீது."

"எங்க தாத்தா கோவிச்சுண்டு குடுத்துட்டுப் போனாரே, அது."

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சுதாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"எதாவது சந்தோஷமா ஒண்ணு குடுங்கோ," என்று சுதா கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு வாரமா அவ சரியா பேசலை. சிரிக்கற மாதிரி எதாவது."

இந்தக் கேள்வி உங்களிடம் வரும். மாதத்துக்கு ஒரு முறையாவது வரும். வீட்டில் ஏதோ நடந்திருக்கும். அதற்கு மருந்தாக ஒரு புத்தகம் கேட்பார்கள். என் கையில் அதற்குள் நான்கு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. நான்கும் வேடிக்கையானவை, நான்கும் புதியவை. மேடம் அவற்றைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் பக்கம் குனிந்தார்.

"உனக்கு என்ன வேணும்?"

"மிச்சம் வேணும்."

"எதோட மிச்சம்?"

"அந்தக் கதையோட மிச்சம். அட்ரஸ் கெடச்சுடுத்து. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல. தாத்தா எடுத்துண்டு வந்துட்டார்."

சுதா கண்களை மூடிக்கொண்டார். பெரியவர் வாசலிலிருந்து, "அதெல்லாம் வேண்டாம், சுதா. வேற எடுத்துக் குடு," என்றார்.

"அப்பா, நீங்க சித்த சும்மா இருங்கோ."

என்னிடம் கேட்டிருந்தால் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மீதி என்ன என்பது எனக்குத் தெரியும். கதையில் அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் தனியாக மின்சார ரயில் ஏறிப் போகிறாள். அப்பாவைத் தெருவின் எதிர்ப்பக்கம் பார்க்கிறாள். அவர் பால் வாங்கிக்கொண்டிருக்கிறார். கூட ஒரு சின்னப் பையன். அவள் கூப்பிடவில்லை. அவர் பார்க்கவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறாள். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பதினான்கு வயதுக்கு அது சரி. ஒன்பது வயதுக் குழந்தையின் கையில் அந்த ரயிலைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

மேடம் திருப்பி அனுப்பும் பெட்டியைத் திறந்தார். பிரதியை எடுத்துக் குழந்தையிடம் தரவில்லை, சுதாவிடம் நீட்டினார்.

"முதல்ல நீங்க படிங்க. இந்தத் தாள் இருக்கற இடத்துலேர்ந்து. இங்கேயே உக்காந்து. அப்புறம் முடிவு பண்ணுங்க."

"நான் கதை படிச்சே பதினஞ்சு வருஷம் இருக்கும் மேடம்."

"பரவால்ல. சின்னப் பசங்க புக்குதான்."

எங்கள் கடையில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. சுதா குழந்தைகளின் முக்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து படித்தார். மாளவிகா எதிரே தரையில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அட்ரஸ தேடிண்டு போறாளா?"

"ஷ்."

"ரெண்டு பக்கம் ஒண்ணா திருப்பிட்ட."

"இல்லடி, காத்து."

சற்று நேரம் கழித்து அவள் எழுந்து மேடத்திடம் வந்தாள். "நீங்க படிச்சிருக்கேளா?"

"படிச்சிருக்கேன்."

"அப்பா திரும்பி வருவாரா? அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் அருகில் இருந்தேன். வருவார் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். வர மாட்டார் என்று சொல்லவும் அதே நொடிதான். மேடம் சொன்னது இது: "யாருக்கும் முடிவு சொல்றதில்ல நான். உங்க அம்மா படிச்சிட்டிருக்காங்க. அவங்ககிட்ட கேட்கலாம். அவங்க சொல்லணும்னா சொல்வாங்க."

"போங்கோ," என்று குழந்தை திரும்பிப் போய் உட்கார்ந்தது.

இதற்கிடையில் பெரியவர் பொது அறிவுப் புத்தகம் ஒன்றை விரித்தபடி என்னிடம் வந்தார். "இங்க பாருங்கோ. ஒரு ராஜா பொறக்கறதுக்கு முன்னாடியே பட்டத்துக்கு வந்திருக்கான். இதையும் தயங்காம வாங்கலாமா?" நான் பார்த்தேன். உண்மையாகவே ஆண்டு தவறாக அச்சாகியிருந்தது. நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் என்னிடம் சற்று இணக்கமாக இருந்தார்.

சுதா படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மேடத்தைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். குழந்தை கேட்காத குரலில், "இவ தனியா ரயில் ஏறிப் போறா," என்றார்.

"ஆமா."

"எங்காத்துலேர்ந்து ரயிலடி நாலாவது தெரு."

"அதனாலதான் உங்கள படிக்கச் சொன்னேன்."

"குடுக்கலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்கோ. எனக்குத் தெரியலை. இது உங்க வேலைதானே?"

நியாயமான கேள்வி. மேடம் சொன்னார்: "அவ கையில குடுக்காதீங்க. நீங்க கூட உக்காந்து படிச்சுக் காட்டுங்க. அவ என்ன கேட்டாலும் அப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்க. ஆனா ஒண்ணு. மாத்திப் படிக்காதீங்க."

சுதா புத்தகத்தைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"அம்மா, அழுதியா?"

"கண்ணாடி குத்தித்து. எழுந்துரு, போலாம். ஆத்துல போய் நான் படிச்சுக் காட்டறேன்."

"முழுசும்?"

அதற்கும் சுதா பதில் சொன்னதாக அன்று நான் எழுதி வைத்த குறிப்பில் இல்லை.

பில் மேசையில் பெரியவர் மறுபடியும் பணம் கட்டினார். "ஒரே பிரதிய ரெண்டு தடவ வாங்கின முட்டாள் லோகத்துல நான் ஒருத்தன்தான்."

"அப்டியெல்லாம் சொல்லாத மாமா. வூட்ல ஒண்ண வச்சிக்கினே வந்து வாங்கறவங்க கீறாங்க," என்றார் கன்னியப்பன். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் சில்லறையைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவர் வழக்கமாக அப்படிச் செய்பவரில்லை.

மேடம் செய்தது சரியா என்று நீங்கள் விவாதிக்கலாம். நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. குழந்தை தானே தேடிக்கொண்ட புத்தகத்தைப் பாதியில் பிடுங்கினால் மீதியை அது தானே எழுதிக்கொள்ளும், அது அச்சில் இருப்பதைவிட மோசமாக இருக்கக்கூடும் என்பது அவர் வாதம். கடை மூடும்போது சொன்னார். என் வாதம் ரயில். "அதுக்குத்தான் அவங்க அம்மா," என்று மட்டும் சொன்னார். சிபாரிசு செய்கிற வேலையில் நம்மால் போக முடிந்த எல்லை அந்த முக்காலி வரைதான் என்று நான் அன்று எழுதி வைத்தேன்.

செப்டம்பரில், காலாண்டு விடுமுறையில், தாத்தாவும் பேத்தியும் வந்தார்கள். பல்லிகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை அவளே எடுத்துக்கொண்டாள். பேசினாள், சிரித்தாள். முந்தைய புத்தகத்தைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை; விதி அது. நான் மேல்தட்டில் வேலையாக இருந்தேன். மேடம் அன்று தி.நகர் கிளையில். அவர்கள் போன பிறகு கன்னியப்பன் என்னிடம் வந்தார்.

"சார், அந்தக் கத பாப்பா ஃபுல்லா முட்ச்சிச்சாம். அதுவா சொல்லுச்சு. கடசீல அந்தப் பொண்ணு அவங்க அம்மாவ இட்டுக்கினு ரயில்ல போவுதாம். அப்பாகாரனப் பாத்து ரெண்டு வார்த்த நல்லா கேட்டுட்டு வந்துச்சாம். சூப்பர் கத சார். நானும் படிக்கலாம்னு கீறேன்."

நான் புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை மறுபடியும் பார்த்தேன். அதில் அம்மா ரயிலில் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் கன்னியப்பனைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் அன்றைய அட்டைகளை எழுதப் போய்விட்டார்.

சுதா படித்துக் காட்டும்போது மாற்றினாரா, கேட்ட பிறகு குழந்தை மாற்றிக்கொண்டதா, அல்லது என்னிடம் சொல்லும்போது கன்னியப்பன் மாற்றினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. சுதாவும் மாளவிகாவும் பிறகொரு நாள் உண்மையாகவே ஆதம்பாக்கத்துக்கு ரயில் ஏறினார்களா என்பதும் தெரியவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் குடும்பம் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகவே இதைச் சரிபார்க்கப்படாத செய்தியாகவே எழுதியிருக்கிறேன்.